மலையில் கம்ப்யூட்டர்: ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டர் வாங்குவது பற்றித் தமிழில் கிடைக்கும் யோசனைகளில் பாதி சமவெளி வெயிலை மனதில் வைத்துச் சொன்னவை. ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல், குன்னூர் 1,850 மீட்டர் அளவு. இந்த உயரத்தில் சூடு ஒரு தொல்லையே இல்லை. மெஷினைக் கெடுப்பவை இரண்டு: காற்றில் இருக்கும் ஈரம், சுவரிலிருந்து வரும் கரண்ட். கீழே உள்ள பதில்களில் பாதி அந்த இரண்டையும் பற்றித்தான்.

குளிர் ஊர்தானே, கேமிங் பிசிக்கு லிக்விட் கூலர் தேவையா?

தேவையில்லை. அதற்காக "குளிர் ஊர், எந்த கூலர் போட்டாலும் ஓடும்" என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊட்டியில் காற்றின் அழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் தலையணை மாதிரி உப்பிப் போவது இதனால்தான். காற்று மெலிந்திருப்பதால், ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அது அள்ளிக்கொண்டு போகும் சூடு குறைவு. சென்னையில் அறை வெப்பத்துக்கு மேல் 50 டிகிரி ஏறும் ப்ராசசர், இங்கே ஏறத்தாழ 56, 58 டிகிரி ஏறும். ஆனால் சென்னை அறை 32 டிகிரி என்றால் ஊட்டி அறை 16. கூட்டிப் பாருங்கள்: அங்கே 82, இங்கே 74. மலைக்குத்தான் லாபம்.

ரைசன் 5 9600எக்ஸ் மாதிரி ப்ராசசருக்கு 120 மி.மீ. ஃபேன் வைத்த ஒற்றை டவர் ஏர் கூலர் தாராளம். ரைசன் 7 9800எக்ஸ்3டி, கோர் அல்ட்ரா 7 265கே என்று போனால் இரட்டை டவர். மிச்சமாகும் பணத்தை யூபிஎஸ்ஸில் போடுங்கள்.

லேப்டாப் சார்ஜரில் மலைப் படம் போட்டு 2000 மீ. என்று எழுதியிருக்கிறது. ஊட்டியில் செருகலாமா?

கவனித்ததற்குப் பாராட்டு, பலர் பார்ப்பதே இல்லை. காற்றும் ஓர் இன்சுலேஷன்தான். உயரம் போகப் போக அதன் தாங்கும் சக்தி குறையும். அதனால் 2,000 மீட்டருக்கு மேல் பயன்படுத்த வேண்டிய கருவியில் ஹை வோல்டேஜ் பக்கத்துக்கும் லோ வோல்டேஜ் பக்கத்துக்கும் நடுவே இடைவெளியைக் கூட்ட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. 3,000 மீட்டருக்கு 1.14 மடங்கு, 5,000 மீட்டருக்கு 1.48 மடங்கு. 2000 என்று போட்டிருந்தால், அந்தக் கூடுதல் இடைவெளிக்காக அதைச் சோதிக்கவில்லை என்று அர்த்தம்.

2,240 மீட்டரில் அது உடனே வெடித்துவிடாது. விளிம்பை 240 மீட்டர்தான் தாண்டியிருக்கிறோம். ஆனால் அந்த மீதி இடைவெளியில் ஈரமும் தூசியும் படியும்போதுதான் வம்பு. புதிதாக வாங்கும்போது 5000 மீ. என்று போட்டதைத் தேர்ந்தெடுங்கள். பெரிய கம்பெனி சார்ஜர்களில் இப்போது அது சாதாரணமாகக் கிடைக்கிறது. பெயரே இல்லாத 65 வாட் யூஎஸ்பி-சி சார்ஜரை மலைக்கு ஏற்றவே வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க் இந்த உயரத்தில் ஓடுமா?

ஓடும். சாதாரண ஹார்ட் டிஸ்க்கை 3,048 மீட்டர் வரை ஓட்டலாம் என்றுதான் கம்பெனிகளே போடுகின்றன. தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். ஹீலியம் அடைத்த பெரிய டிஸ்க்குகள் முழுக்க மூடியவை, அவற்றுக்கும் கவலையில்லை.

மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீட்டில் பிசி ஆன் ஆகவில்லை. ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. மதர்போர்டு போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. கூடலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் வரும் புகார்களில் இதுதான் முதலிடம். புது மதர்போர்டுக்கு ஆர்டர் போடுவதற்கு முன் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, ஆன் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பக்கவாட்டுப் பலகையைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கனெக்டர் ஓரங்களில் பச்சை அல்லது வெள்ளைப் பொடி, எறும்புக் கூடு, கரப்பான் எச்சம் எதுவும் இருக்கிறதா? எஸ்எம்பிஎஸ் (பிசிக்குக் கரண்ட் தரும் பெட்டி) உள்ளே எறும்பு போயிருந்தால் அதைத் திறக்காதீர்கள். கரண்டைக் கழற்றிய பிறகும் அதன் கெபாசிட்டரில் ஆளை வீழ்த்தும் அளவு சார்ஜ் நிற்கும்.

திறந்த கேபினெட்டை 25 டிகிரிக்குச் சூடாக்கிய அறையில் ஒரு நாள் வையுங்கள். ஹேர் டிரையர் பிடிக்க வேண்டாம். அது ஈரத்தை விரட்டுவதைவிட தூசியை ஸ்லாட்டுக்குள் தள்ளுவதே அதிகம்.

பிறகு ரேமைக் கழற்றுங்கள். தங்க முலாம் பூசிய பற்களை 99 சதவீத ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்ட, பஞ்சு பிரியாத துணியால் துடையுங்கள். கை கழுவும் சானிடைசர் ஆகாது, அதில் தண்ணீர் இருக்கிறது. ரப்பர் போட்டுத் தேய்ப்பது கடைக்காரர்களின் பழைய கைவேலை. வேலை செய்யும்தான், ஆனால் முலாமையும் தேய்த்துவிட்டு, ரப்பர் துகளையும் ஸ்லாட்டில் விட்டுவிட்டுப் போகும். துடைத்த பின் ஒரே ஒரு ரேமை மட்டும், ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில், 'க்ளிக்' சத்தம் கேட்கும் வரை அழுத்துங்கள். மலையில் 'செத்துப்போன' பிசிகளில் பல இந்த இடத்திலேயே எழுந்துவிடும்.

எழவில்லையென்றால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல்லை மல்டிமீட்டரில் பாருங்கள். 2.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள். அடுத்து கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, ப்ராசசரிலேயே டிஸ்ப்ளே இருந்தால் மானிட்டரை மதர்போர்டில் செருகிப் பாருங்கள். டிடிஆர்5 ரக ரேம் போட்ட மெஷினில் செல்லைக் கழற்றி மாட்டினாலோ ரேமை மாற்றினாலோ, அது ரேமைப் புதிதாகப் பழகிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பொறுமையில்லாமல் நடுவில் ஆஃப் செய்தால் திரும்பவும் முதலிலிருந்து.

இனி இப்படி ஆகாமல் இருக்க: மழை மாதங்களில் தினமும் ஒரு மணி நேரமாவது மெஷினை ஓட விடுங்கள், உள்ளிருக்கும் சூடே ஈரத்தை விரட்டிவிடும். வெளிச் சுவரை ஒட்டி வைக்காமல் ஓர் அடி தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவது நல்லதென்று நினைத்துச் செய்வார்கள். அது ஈரத்தை உள்ளேயே சிறைவைக்கும். அதைவிடப் பழைய பருத்தி வேட்டியே மேல்.

ஜனவரி இரவில் காரிலேயே விட்ட லேப்டாப்பைக் காலையில் எடுத்து உடனே ஆன் செய்யலாமா?

கூடாது. புல் மேல் உறைபனி படிந்திருக்கும் காலையில் லேப்டாப் 3, 4 டிகிரியில் இருக்கும். வீட்டுக்குள் 20 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் என்றால், சுமார் 14 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருள் மேலும் பனித்துளி பூக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பதைப் போல, மதர்போர்டும் உள்ளுக்குள் வியர்க்கும். பையின் ஜிப்பைத் திறக்காமலே மூன்று மணி நேரம் அறையில் வைத்துவிடுங்கள். வியர்ப்பதாக இருந்தால் பை வியர்க்கட்டும்.

கொரியரில் வந்த எஸ்எஸ்டி, மானிட்டர் பெட்டிகளுக்கும் இதேதான். ஒரு விஷயம் கூடுதலாக: ஜீரோ டிகிரியில் இருக்கும் லித்தியம் பேட்டரியைச் சார்ஜில் போடாதீர்கள். உள்ளே லித்தியம் உலோகமாகவே படிந்து, பேட்டரியின் கொள்ளளவை நிரந்தரமாகக் குறைக்கும்.

கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்கிறது. அரிசி டப்பாவில் போட்டு வைக்கலாமா?

அரிசியைச் சோறு வடிக்க வைத்துக்கொள்ளுங்கள். அது பெரிதாக ஈரம் இழுக்காது, மாவுத் தூசியை மட்டும் லென்ஸ் ஓரத்தில் இறக்கும். ரப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத 20 லிட்டர் டப்பா ஒன்று, 200 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், இது போதும். மீட்டர் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 65ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை வேர்விடும். 30க்குக் கீழே இறங்கினால் ரப்பரும் கிரீஸும் காயும்.

ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானாலும், நீல நிறம் ரோஸானாலும் அது நிறைந்துவிட்டது என்று பொருள். தட்டில் பரப்பி ஓவனில் 110, 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வறுத்தால் பழையபடி ஆகிவிடும். நீல ஜெல்லில் கோபால்ட் இருப்பதால் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். முடிந்தால் ஆரஞ்சையே வாங்குங்கள்.

அறைக்கே டிஹ்யூமிடிஃபையர் வாங்கலாமா, ரூம் ஹீட்டர் போதுமா?

கடையில் முதலில் காட்டுவது கம்ப்ரஸர் வைத்த வகை. அது காற்றைக் குளிர்வித்துத் தண்ணீரைப் பிரிப்பது. அறையே 12 டிகிரியில் இருக்கும்போது அதன் காயிலில் ஐஸ் கட்டி, பாதி நேரம் ஐஸ் உருக்குவதிலேயே போய்விடும். 15 டிகிரிக்குக் கீழே போகும் வீட்டுக்கு, ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைத்த டெசிகன்ட் வகைதான் சரி. கரண்ட் கொஞ்சம் கூடத் தின்னும், வேலை நடக்கும்.

ஹீட்டரும் ஒருவகை டிஹ்யூமிடிஃபையர்தான். 10 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் இருக்கும் காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அது 47 சதவீதம் ஆகிவிடுகிறது. எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகை நல்லது. கேஸ் ஹீட்டர் எரியும்போது தானே நீராவியை விடும், கம்ப்யூட்டர் அறைக்கு ஆகாது. கரி அடுப்பு மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து, அந்தப் பேச்சே வேண்டாம்.

எந்த யூபிஎஸ்? வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, அதுவே போதாதா?

கணக்கைப் பாருங்கள். ரைசன் 5 ப்ராசசர், ஆர்டிஎக்ஸ் 5060 கிராபிக்ஸ் கார்டு ரக மெஷின் கேம் ஓடும்போது 300 வாட் பக்கம் இழுக்கும். மானிட்டர் 30, ரவுட்டர் 10. கடையில் அதிகம் விற்கும் 600 வி.ஏ. யூபிஎஸ் தருவது 360 வாட். ஒரு சின்னத் துள்ளலிலேயே 'பீப்' அடித்து ஆஃப் ஆகிவிடும். 1,100 வி.ஏ., 660 வாட் அளவு எடுங்கள். பேட்டரி புதிதாக இருக்கும்போது பத்து நிமிடம் நிற்கும். சேவ் செய்து ஆஃப் செய்ய அது போதும். ஆட்டத்தை முடிக்க அல்ல. மூன்று வருடத்தில் பேட்டரியை மாற்றத் தயாராக இருங்கள்.

இன்னொரு சிக்கல். நல்ல எஸ்எம்பிஎஸ் எல்லாவற்றிலும் ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட் இழுப்பைச் சீராக்கும் சர்க்யூட்) இருக்கிறது. விலை குறைந்த யூபிஎஸ் தரும் படிக்கட்டு மாதிரியான அலையை அதில் சில ஏற்பதில்லை. யூபிஎஸ் ஓடிக்கொண்டே இருக்கும், பிசி மட்டும் செத்துவிடும். 'ப்யூர் சைன் வேவ்' என்று கேட்டு வாங்கினால் இந்த வம்பு இல்லை.

இன்வெர்ட்டரின் பின்பக்கம் யூபிஎஸ் மோட், நார்மல் மோட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். யூபிஎஸ் மோடில் கரண்ட் மாறும் நேரம் 10 மில்லி செகண்டுக்குள், பிசி தாங்கும். ஆனால் அந்த மோட் 180 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் பேட்டரிக்குத் தாவிவிடும். எஸ்டேட் லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில், சாயங்காலம் எல்லா வீட்டிலும் கீசரும் ஹீட்டரும் ஓடும்போது 160 வோல்ட் வருவது புதிதல்ல. அப்போது கரண்ட் இருக்கும்போதே பேட்டரி காலியாகும். நிஜமாகவே கரண்ட் போகும்போது இன்வெர்ட்டர் கைவிரிக்கும். நார்மல் மோடுக்கு மாற்றினால் பேட்டரி பிழைக்கும், ஆனால் மாறும் நேரம் நீண்டு பிசி ரீஸ்டார்ட் ஆகும். இதற்கு வழி: இன்வெர்ட்டர் நார்மல் மோடில், அதற்குப் பின்னால் பிசிக்கென்று லைன் இன்டராக்டிவ் யூபிஎஸ் ஒன்று. அதன் ஏவிஆர் லோ வோல்டேஜைப் பேட்டரி தொடாமல் தூக்கிக் கொடுக்கும். 140, 150 வோல்ட் வரை தாங்குமா என்று லேபிளில் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் லேபிளில் 100-240 என்று இருக்க வேண்டும். 200-240 என்று இருந்தால் அது நம் லைனுக்கு லாயக்கில்லை.

2,000 வாட் ஹீட்டரைக் கம்ப்யூட்டர் இருக்கும் எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகவே செருகாதீர்கள். கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக், தனி ஒயர்.

இடி இடிக்கும்போது ஆஃப் செய்தால் போதுமா?

போதாது, பிளக்கையே உருவ வேண்டும். ஏப்ரல், மே கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இதைப் பழக்கமாக்குங்கள். பிளக்கை உருவிவிட்டு, வெளியிலிருந்து வரும் லேன் கேபிளையும் டிஷ் ஒயரையும் மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. இன்டர்நெட் ஃபைபர் கண்ணாடிதானே, கரண்ட் கடத்தாதே என்பதும் பாதி உண்மைதான். கம்பத்திலிருந்து வரும் கேபிளில் தாங்குவதற்காக ஓர் இரும்புக் கம்பி ஓடும். அதை வீட்டுக்கு வெளியிலேயே பிரித்து வெட்டிவிடச் சொல்லுங்கள்.

சர்ஜ் ப்ரொடெக்டர் எர்த் இருந்தால்தான் பிரயோஜனம். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பாறை நிலத்தில் எர்த் குழி சரியாகப் பிடிக்காது; கரியும் உப்பும் அடுக்கி நிரப்பியிருந்தாலும் பிப்ரவரி முதல் வறண்டுவிடும், வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். லேப்டாப் மேல் கை வைத்தால் சுருக்கென்று இருப்பதற்கும் எர்த் இல்லாததுதான் பெரும்பாலும் காரணம்.

ரேம் விலை ஏன் இப்படி ஏறிக் கிடக்கிறது? இறங்கட்டும் என்று காத்திருக்கலாமா?

2025 கடைசியில் தொடங்கிய ஏற்றம் இது. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றுமே ஏஐ சர்வர்களுக்கான எச்பிஎம் மெமரி பக்கம் உற்பத்தியைத் திருப்பியதில், நம் மாதிரி ஆட்களுக்கான டிடிஆர்5, டிடிஆர்4 இரண்டும் தட்டுப்பாடாகிவிட்டன. மைக்ரான் தன் க்ரூஷியல் பிராண்டு சில்லறை வியாபாரத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.

தேவை இருந்தால் வாங்கிவிடுங்கள், தேவை இல்லாமல் 64 ஜிபி போடாதீர்கள். கேமுக்கும் படிப்புக்கும் 16 ஜிபியில் ஓட்டலாம், 32 சௌகரியம். பழைய ரேம் வாங்கினால், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை நான்கு சுற்று ஓட்டி, ஒரு பிழைகூட இல்லையென்றால்தான் பணம் கொடுங்கள்.

ஆர்டிஎக்ஸ் 5060 எடுக்கலாமா, 16 ஜிபி கார்டு எடுக்கலாமா?

2025 மே மாதம் வந்த ஆர்டிஎக்ஸ் 5060இல் 8 ஜிபிதான், 145 வாட். 1080பி திரைக்கு இன்று போதும். டெக்ஸ்சரை உச்சத்துக்கு ஏற்றினால் சில புது கேம்களில் திக்கும். அடுத்த மாதம், ஜூனில் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, 160 வாட், விலை கட்டுப்படியானால் இதுவே எங்கள் தேர்வு. பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் பாதைக்கு லேன் என்று பெயர் (லேன் கேபிள் அல்ல). 5060 எட்டு லேன்களில்தான் பேசும், பழைய பிசிஐஇ 3.0 ஸ்லாட் உள்ள போர்டில் அது நெருக்கடி. 9060 எக்ஸ்டிக்குப் பதினாறு லேன்.

விண்டோஸ் 10 ஓடும் பழைய பிசியைத் தூக்கிப் போட வேண்டுமா?

வேண்டாம். இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. பதிவு செய்துகொண்டால் வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. இன்டெல் எட்டாம் தலைமுறை, ரைசன் 2000 வரிசை அல்லது அதற்குப் பிந்தையது என்றால் பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் திரை) டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியை ஆன் செய்தாலே பல மெஷின் விண்டோஸ் 11க்குத் தகுதியாகிவிடும். இன்டெல் போர்டில் பிடிடி என்றும், ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் இருக்கும். அதைவிடப் பழையது என்றால் எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட்.

பழைய பங்களா வீட்டில் வைஃபை அடுத்த அறைக்கே வரவில்லை. வைஃபை 7 ரவுட்டர் வாங்கினால் தீருமா?

தீராது. ஒன்றரை அடி கருங்கல் சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் தாண்டாது, ரவுட்டர் எந்தத் தலைமுறை என்றாலும் சரி. அறைக்கு அறை ஒரு வைஃபை 6 மெஷ் கருவி, அவற்றுக்கு நடுவே லேன் கேபிள். கேபிளைச் சன்னல் சட்டம் வழியாக வெளியே கொண்டுபோவதாக இருந்தால் வெளியிடத்துக்கான தூய செம்பு கேட்6 எடுத்துக் குழாய்க்குள் விடுங்கள். குழாய் இல்லாத கேபிள் குரங்குக்கு ஊஞ்சல்.

மெஷினைக் கோவையிலோ மதுரையிலோ அசெம்பிள் செய்து எடுத்துவரலாமா?

விலையும் கிடைக்கும் சரக்கும் அங்கேதான் நன்றாக இருக்கும். ஆனால் வாரன்டி 'ஆன்சைட்'டா, 'கேரி இன்'னா என்று பில் போடும் முன்பே கேளுங்கள். உங்கள் பின்கோடுக்கு, உதாரணமாக ஊட்டி 643001, கொடைக்கானல் 624101, ஆள் வருவாரா என்பதைத் தனியாகக் கேளுங்கள். கேரி இன் என்றால் ஒவ்வொரு முறையும் மானிட்டரைச் சுமந்துகொண்டு மலை இறங்க வேண்டியது நீங்கள்தான்.

கொண்டைஊசி வளைவுகளில் ஒரு கிலோ எடையுள்ள கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டிலேயே ஆடிக்கொண்டு வந்தால் ஸ்லாட் பிளக்கும். கார்டையும் பெரிய ஏர் கூலரையும் கழற்றி அதனதன் பெட்டியில் தனியாகக் கொண்டுவாருங்கள். கேபினெட்டை மதர்போர்டு அடியில் வருமாறு படுக்க வைத்து, சீட்டின் மேல், பெல்ட் போட்டு. டிக்கி வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் மூன்று மணி நேரம் ஆறவிட்டு, கேபினெட்டை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே 'கிலுக்' என்று ஸ்க்ரூ உருளும் சத்தம் கேட்டால், அதைக் கண்டுபிடித்து எடுக்கும்வரை கரண்ட் கொடுக்காதீர்கள்.